கதிர்காமத்தில் ஒரு வெப்சைட்டு போட்ட கதை

போன ஞாயிறு காலையில் இட்லியில் பாதிகூட முடியவில்லை, வாசலில் மூணு பைக் வந்து நின்றது. நம்ம ஏரியாப் பசங்கதான். ஞாயித்துக்கிழமையானா சாக்கும் கையுறையுமா கனகன் ஏரிப் பக்கம் போய் பிளாஸ்டிக் பொறுக்குகிற கூட்டம். நல்ல பசங்க. "அண்ணா, நீங்கதான் பொட்டி தட்டுற ஆளாச்சே, எங்க அமைப்புக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்க"ன்னு ஒரு தாளை நீட்டினாங்க.

தாளில் எல்லாம் இருந்தது. முகப்பில் ஓடுகிற படங்கள் அஞ்சு, எங்கள் நோக்கம், எங்கள் இலக்கு, தலைவர் செய்தி, புகைப்படத் தொகுப்பு, டிரோன் வீடியோ, பத்திரிகைகளில் நாங்கள், நன்கொடை.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் ஏரிக்கரையில லாரி நிக்கிறதையும் கட்டிட இடிபாட்டைக் கொட்டுறதையும் பார்க்கிறார். செல்லை எடுத்து உங்க சைட்டைத் திறக்கிறார். அடுத்து அவர் என்ன பண்ணணும்?"

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கண்ணாடி போட்ட தம்பி சொன்னான்: "கான்டாக்ட் ஃபார்ம் வெச்சிடலாம்ண்ணா. ஃபில் பண்ணா மெயிலுக்கு வந்துடும்."

எனக்கு இட்லி தொண்டையிலேயே நின்னுபோச்சு. காரணம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

2007. எங்க தெருவில் ஒரு ரத்ததானக் குழு இருந்தது. பதிவு, அலுவலகம், போர்டு எதுவும் கிடையாது. செயலாளர் அண்ணன் வீட்டுத் திண்ணைதான் எல்லாமே. அண்ணன் ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்தவர். விழுப்புரம், கடலூர், திண்டிவனம்னு எங்கிருந்தோ ஜிப்மருக்கு நோயாளியைக் கூட்டிக்கிட்டு வந்து, "நாலு யூனிட் ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு பண்ணுங்க"ன்னு சொன்னதும் கோரிமேட்டு வாசலில் திகைத்து நிற்கிறவங்களுக்கு யாராவது அண்ணனோட நம்பரைக் கொடுப்பாங்க. அவர் நோட்டைப் புரட்டுவார், ரெண்டு பேருக்குப் போன் போடுவார், ஆள் போய்ச் சேரும். பணம் பேசுறதே இல்லை. காசுக்கு ரத்தம் கொடுக்கிறது உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரியிலிருந்து நாடு பூரா நிறுத்தப்பட்ட விஷயம். அதனால் இப்படிப்பட்ட நோட்டு வைத்திருக்கிற அண்ணன்களை நம்பித்தான் பாதி ஊர் ஓடிச்சு.

நான் அப்போ புதுசா ஹெச்டிஎம்எல் கத்துக்கிட்ட மிதப்பில் இருந்தேன். "என்னண்ணே இந்தக் காலத்துல நோட்டு? உலகமே பார்க்கிற மாதிரி ஒரு சைட்டு போட்டுடுவோம்"னேன். அண்ணன் வேண்டாம்னு சொல்லத் தெரியாதவர்.

போட்டேன். ஜியோசிட்டீஸில். திறந்ததும் ஒரு சொட்டு ரத்தம் சொட்டி இதயமாக மாறுகிற ஃபிளாஷ். அது லோடாகி முடிய பிரவுசிங் சென்டரில் ரெண்டு நிமிஷம். அப்புறம் மேலே ஓடுகிற மார்க்கீ, கீழே வருகையாளர் எண்ணிக்கை (அதில் முக்கால்வாசி நானே), நடுவில் டிஜிட்டல் கேமராவில் எடுத்ததை அப்படியே ஏத்தின முகாம் படங்கள். தமிழ் பூராவும் பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தா பூச்சி மருந்து அடிச்ச மாதிரி ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். யுனிகோடு அப்பவே வந்தாச்சு, நம்ம வலைப்பதிவுக்காரங்க எல்லாம் அதில்தான் எழுதிக்கிட்டிருந்தாங்க, எனக்கும் தெரியும். ஆனா டிடிபி கடையில் அடிச்ச நோட்டீஸை அப்படியே ஒட்டுறது சுலபமா இருந்தது. சோம்பேறித்தனம், வேற என்ன.

போன் நம்பர்? இருந்தது. பேனர் படத்துக்குள்ள, சிவப்பு மேல மஞ்சள் எழுத்தில், அண்ணன் போட்டோவுக்குப் பக்கத்தில். படம் லோடாகலைன்னா நம்பரும் இல்லை. அதுக்குப் பதிலாத்தான் நான் பெருமையோட ஒரு படிவம் வைத்தேன். பெயர், ரத்தப் பிரிவு, மருத்துவமனை, எத்தனை யூனிட், அனுப்பு. அது ஒரு யாஹூ பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியை நான்தான் திறந்தேன், கடவுச்சொல்லும் எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் ஒரு மாசம் தினமும் பார்த்தேன். ஒண்ணும் வரலை. அப்புறம் வேலை மாறி ஆணி அதிகமாச்சு. மறந்தே போனேன்.

2009-ல் யாஹூக்காரங்க ஜியோசிட்டீஸை அக்டோபரோடு மூடப்போறோம்னு அறிவிச்சாங்க. அடடா, நம்ம கலைப்படைப்பு போயிடுமேன்னு கோப்புகளை இறக்க உள்ளே போனேன். அந்தப் பெட்டியும் திறந்தது. படிக்காத மடல் நாப்பத்தி மூணு.

அதில் எரிதம் பாதிக்கு மேல். இன்னொரு கொத்து இருந்தது பாருங்க, அது தனிக் காமெடி. குழுவோட பேரில் கதிர்காமம் இருக்கா, இலங்கைக் கதிர்காமத்தைத் தேடி வந்த முருக பக்தர்கள் எங்க படிவத்தில் எழுதியிருந்தாங்க. "ஆடிவேல் விழா எப்போது கொடியேற்றம்?" "திஸ்ஸமகாராமவில் இருந்து பஸ் உண்டா?" ரத்தப் பிரிவுக் கட்டத்தில் ஒருத்தர் "அரோகரா"ன்னு போட்டிருந்தார். சிரிச்சுக்கிட்டே கீழே வந்தேன்.

கீழே ஆறு மடல். ஆறும் உண்மையான மடல்கள். அதில் ஒண்ணு தமிழை ஆங்கில எழுத்தில் அடிச்சது. ஓ நெகட்டிவ், ரெண்டு யூனிட், நாளைக் காலை ஆபரேஷன், அண்ணே ப்ளீஸ், கீழே ஒரு நம்பர். நேரம் ராத்திரி 1.40. தேதி பார்த்தா அஞ்சு மாசத்துக்கு முந்தினது.

ரெண்டு நாள் யோசிச்சுட்டு அந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். யார், என்னன்னு சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது அப்பவே வேற ஒருத்தரு மூலமா கிடைச்சுடுச்சுங்க. நீங்க இப்பத்தான் பார்க்கிறீங்களா?"ன்னு கேட்டார். குரலில் கோபமில்லை. இப்பவாவது பார்த்தாங்களேங்கிற மாதிரி ஒரு ஆச்சரியம்தான். நோயாளி எப்படி இருக்கார்னு கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கலை. வெச்சுட்டேன்.

அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன். அவர் உள்ளே போய் நோட்டை எடுத்துக்கிட்டு வந்து என் மடியில் வெச்சார். "இதைப் படிச்சுட்டு அப்புறம் போடு தம்பி"ன்னார்.

நாப்பது பக்க நோட்டு இல்லைங்க, நாலு குயர். அதை அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒழுங்காகப் படிச்சேன். ஒவ்வொரு பேருக்கும் எதிரில் கடைசியா எப்போ கொடுத்தார்னு தேதி. (ஆண்கள் ஒருமுறை கொடுத்தா 90 நாள், பெண்கள் 120 நாள் பொறுக்கணும்கிறது இப்போதைய விதி. அந்தத் தேதி இல்லாத பட்டியல் வெறும் பேப்பர்.) சிலர் பேருக்குப் பக்கத்தில் "நைட் ஷிப்ட், பகல் 2-க்கு மேல் எழுப்பு". "அம்மா எடுத்தால் சொல்லாதே." "வண்டி இல்லை, நாம்தான் கூட்டிப் போகணும்." "தீபாவளிக்கு மட்டும் ஊரில் இருப்பான்." ஒரு பேரில் குறுக்கே கோடு, பக்கத்தில் "சர்க்கரை". கடைசிப் பக்கங்களில், கூப்பிட்டவங்க முதலில் என்ன கேட்டாங்கன்னுகூட எழுதி வெச்சிருந்தார். காசு எவ்வளவு, ரத்தம் கொடுத்தா மயக்கம் வருமா, எந்த கேட் வழியா வரணும், ஆதாரத்துக்கு என்ன கொண்டுவரணும்.

நான் சைட்டில் எழுதின "எங்கள் குறிக்கோள்" அந்த நோட்டில் எங்கேயும் இல்லை. அந்த நோட்டில் இருந்த ஒரு வரியும் என் சைட்டில் இல்லை.

இதில் எனக்கு இன்னும் வெட்கம் என்னன்னா, எப்படிச் செய்யணும்கிறதுக்கு உலகத்துக்கே பாடமா ஒரு விஷயம் எங்க ஊருக்குப் பக்கத்திலேயே நடந்துக்கிட்டிருந்தது. இங்கேயிருந்து வில்லியனூர் எவ்வளவு தூரம்? பைக்கில் ஒரு பாட்டு முடியறதுக்குள்ள போயிடலாம் (சரி, ரெண்டு பாட்டு). 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐடிஆர்சி உதவியோடு அங்கே ஒரு மையம் வெச்சு, சுத்தி இருக்கிற கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தாங்க. எம்பலத்தில் கோயில் கட்டிடத்திலேயே மையம், நடத்தினது அந்த ஊர்ப் பெண்கள். ஊரில் யார் வந்தாலும், எந்தச் சாதியானாலும், உள்ளே விடணும்கிறது ஆரம்பத்திலேயே போட்ட நிபந்தனை. கம்பி வழித் தொடர்பு சரியில்லாத இடத்தில் வயர்லெஸ் ரேடியோ, கரண்டு போனா சோலார்.

ஆனா அவங்க கம்ப்யூட்டரை முதலில் இறக்கலை. ஊரில் யாருக்கு என்ன தகவல் தேவை, இப்போ அதை யார்கிட்ட கேட்கிறாங்கன்னு போய் விசாரிச்சாங்க. நெல் விலை, உர விலை, மழை, பஸ் நேரம், எந்த அரசுத் திட்டத்துக்கு யாருக்குத் தகுதி. அதைத்தான் தமிழில் தொகுத்து வெச்சாங்க.

வீராம்பட்டினத்தில் கேட்டப்போ மீனவர்கள் கேட்டது ஒண்ணுதான். நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? (ஆடித் தேரை கவர்னர் வந்து வடம் பிடிக்கிற அதே வீராம்பட்டினம்தான். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம், இன்னும் விடலை.) அலை உயரம் பத்தின முன்கணிப்பு அமெரிக்கக் கடற்படையோட தளத்தில் கிடைச்சது. வில்லியனூரில் தினமும் அதை இறக்கி, தமிழாக்கி, ஊருக்கு அனுப்ப, கடற்கரையில் கட்டின ஒலிபெருக்கியில் வாசிச்சாங்க. வலை பின்னிக்கிட்டே கேட்கலாம். மவுஸைத் தொட வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம்.

அதே ஏற்பாடு நல்லவாடிலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் டிவியில் செய்தி பார்த்துட்டு ஊருக்குப் போன் பண்ணார். இங்கே ஆட்கள் ஓடிப்போய் தகவல் மையத்தின் பூட்டை உடைச்சு ஒலிபெருக்கியில் கத்தினாங்க, ஊர் காலியாச்சு. வீடுகள் போச்சு, படகுகள் போச்சு. அந்த ஊரில் இருந்த 3,600-க்கும் மேற்பட்டவங்க பிழைச்சாங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டுதான் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் என்னை மாதிரி ஒரு ஆள் அங்கே படிவம் வெச்சிருந்தா?

சரி, நம்ம கதை. 2010-ல் மறுபடி போட்டேன். ஒரே பக்கம், யுனிகோடு, படம் கிடையாது. மேலே பெரிய எழுத்தில் மூணு நம்பர். காலை ஆறு முதல் ரெண்டு வரை ஒருத்தர், அப்புறம் ராத்திரி பத்து வரை ஒருத்தர், பத்துக்கு மேல் அண்ணன். அவருக்குத் தூக்கம் வராதாம். அதுக்குக் கீழே நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்த கேள்விகளும் அவர் சொல்ற பதில்களும், அவர் பேச்சிலேயே. "காசு கிடையாது. யாராவது கேட்டா எங்களுக்குச் சொல்லுங்க." அவ்வளவுதான். படிவத்தைத் தூக்கினேன்.

கொடையாளர் பட்டியலையும் தூக்கினேன். அதைச் சொல்லவே மறந்துட்டேன் பாருங்க. முதல் சைட்டில் நூத்துச் சொச்சம் பேரோட பேரும் நம்பரும் அப்படியே போட்டிருந்தேன், உலகமே பார்க்கட்டும்னு. உலகம் பார்த்தது. கல்லூரியில் படிச்ச ரெண்டு பெண்களுக்கு ராத்திரியில் கண்டகண்ட அழைப்பு. ஒரு பெண்ணோட அப்பா திண்ணைக்கு வந்து, "சேவைக்குன்னுதானே குடுத்தா?"ன்னு கேட்டுட்டுப் போனார். அந்தப் பெண் அதுக்கப்புறம் ரத்தம் கொடுக்க வரவே இல்லை. அடுத்தவங்க தகவலைக் கையாளுறதுக்குன்னு 2023-ல் நாட்டில் சட்டமே வந்தது. எனக்கு அந்த அப்பாவோட கேள்வியே போதுமா இருந்தது.

தேடல் விஷயம் இன்னொரு கூத்து. 2006 அக்டோபரில் ஊர்ப் பேர் அதிகாரபூர்வமா புதுச்சேரி ஆயிடுச்சு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர் "பாண்டி பிளட்"னுதான் தேடுவார். அதையும் ஆங்கில எழுத்தில். ஆகவே பாண்டி, பாண்டிச்சேரி, புதுவை, புதுச்சேரி எல்லாத்தையும் பக்கத்தில் இயல்பா வர்ற மாதிரி எழுதினோம். ரத்தத்துக்குக் குருதின்னு நான் எழுதினதை அண்ணன் அடிச்சுட்டார். "கவிதைக்கு வெச்சுக்க." முருக பக்தர்களுக்காகக் கடைசியில் ஒரு வரி: இது புதுச்சேரிக் கதிர்காமம், வழுதாவூர் ரோடு. அவங்களும் அலையக் கூடாது இல்லையா :-)

பார்வையில்லாத நண்பர் ஒருத்தர் எங்க குழுவில் சேர்ந்தப்போ இன்னொரு பாடம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ரெண்டு நண்பர்கள் உருவாக்கி இலவசமாத் தர்ற என்விடிஏ மென்பொருளை வெச்சு எங்க பக்கத்தைத் திறந்தார். நம்பரை அது ஒவ்வொரு இலக்கமா வாசிச்சது. "பழைய சைட்டில் படம் 1, படம் 2-ன்னுதான் சொல்லும்"னார். இப்போ மத்தியான ஷிப்டு அவரோடது. குரலை வெச்சே யார் பதறுறாங்க, யார் சும்மா சோதிக்கிறாங்கன்னு சொல்லிடுவார்.

எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுடாதீங்க. 2014-ல் டொமைன் புதுப்பிக்க விட்டுப்போச்சு. அதைத் தன் பேரில், தன் அட்டையில் வாங்கிக் கொடுத்த தம்பி துபாய்க்குப் போயிட்டான், நினைவூட்டல் மடலெல்லாம் அவனோட பழைய ஆபீஸ் முகவரிக்கு. பதினெட்டு நாள் எங்க முகவரியில் வெறும் விளம்பரப் பலகை. இப்போ முகவரி, கடவுச்சொல், கட்ட வேண்டிய தேதி எல்லாம் நோட்டின் முதல் பக்கத்தில், அண்ணன் கையெழுத்தில். பாதுகாப்பு வல்லுநர்கள் அடிக்க வருவீங்க. வாங்க, திண்ணையில் பேசுவோம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தப்போ நண்பர்கள் பகிர்ந்த ஒரு நம்பருக்கு நானும் போன் போட்டேன், எங்க ஊரிலிருந்து சாப்பாடு அனுப்ப. எடுத்தவர் பாவம், "சார், நான் முந்தாநேத்தே முடிச்சுட்டேன், ஆனா போன் நிக்கவே மாட்டேங்குது"ன்னார். அந்தச் செய்தியில் தேதியே இல்லை. அப்போ தன்னார்வலர்கள் பொதுவில் ஒரு விரிதாளைத் திறந்து, சென்னைரெயின்ஸ் தளமாக்கி, தகவலைச் சரிபார்த்துச் சரிபார்த்துப் போட்டது எவ்வளவு பெரிய வேலைன்னு அன்னைக்குத்தான் உறைச்சது. அடுத்த வாரமே எங்க பக்கத்தின் உச்சியில் ஒரு வரி ஏறிச்சு: இந்த எண்களைக் கடைசியாகச் சோதித்த நாள். ஒவ்வொரு திங்களும் நான் மூணு பேருக்கும் போன் போட்டுட்டு அதை மாத்துறேன். 2016-ல் மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் வந்ததும், ரத்த வங்கிகளின் இருப்பைப் பார்க்க அதுக்கும் ஒரு இணைப்பு.

எளிமையா இருந்தா யார் மதிப்பாங்கன்னு கேட்கிறவங்களுக்கு நான் காட்டுறது மதுரைத் திட்டம்தான். 1998 பொங்கலுக்கு சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் ஐயா ஆரம்பிச்சது. நூல் பட்டியல், இணைப்பு, நூல். மோடம் கீச்சுக் கீச்சுன்னு கத்தின காலத்தில் எப்படித் திறந்ததோ அப்படியே இன்னைக்கும் திறக்குது. அந்தக் காலத்தில் அதைவிட அலங்காரமா வந்த எத்தனை தளங்கள் இன்னைக்கு உயிரோடு இருக்கு? என்னோடது இல்லை, அது நிச்சயம்.

இதையெல்லாம் பசங்ககிட்ட சொல்லி முடிக்கிறதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு. நன்கொடைப் பக்கம் பத்தி மட்டும் ஒருத்தன் விடாமல் கேட்டான். போன மாசம் என்ன வந்தது, எதுக்குச் செலவாச்சுன்னு முதலில் நீங்க போடுங்க, பட்டனை அப்புறம் வைக்கலாம்னேன். முகம் கொஞ்சம் சுருங்கிச்சு.

"சரிண்ணா, ராத்திரி பதினோரு மணிக்குப் போன் யார் எடுக்கிறது?"ன்னு கண்ணாடித் தம்பியே திருப்பிக் கேட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. மூணு பேரும் வாசலில் நின்னு மெதுவாப் பேசிக்கிட்டாங்க. ஒருத்தனுக்குக் காலையில் சீக்கிரம் வேலை. இன்னொருத்தன் வீட்டில் அப்பா செல்லைப் பிடுங்கிடுவார். மூணாவது தம்பி, அதுவரைக்கும் வாயே திறக்காதவன், "வெள்ளி, சனி நான் எடுக்கிறேன்"ன்னான்.

மத்த அஞ்சு நாளுக்கு ஆள் தேடிக்கிட்டு அடுத்த ஞாயிறு வர்றதாச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. தாளை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. பின்பக்கம் வெத்தாத்தான் இருக்கு, மூணு நம்பர் எழுத இடம் தாராளமாப் போதும்.